அக்கா மூடிவைத்த பிளவு

தங்கைக்கு வேலை மாடியில். அக்காவுக்குக் கீழே தையல் கடை. துணி என்றால் அக்காவுக்கு அளவு, பிசிறில்லாத மடிப்பு, சொன்ன தேதி. தங்கையோ தான் பட்ட பாட்டையெல்லாம் துணியில் வெட்டி ஒட்டுப்போட்டு, உருவம் என்று எதுவுமில்லாமல் சுவர் உயரத்துக்குத் தொங்கவிடுவாள். பார்க்க வருகிறவர்கள் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு, "நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவைப்பார்கள். அக்கா அதுகூடச் சொன்னதில்லை. "உன் கிழிசல் எப்படிப் போகுது?" என்று கேட்பதோடு சரி.

இந்த முறை செய்தது அக்காவைப் பற்றி. முன்பொரு சமயம் கடைக்கு வந்த யாருடைய கம்பளிக் கோட்டையோ பழந்துணி என்று நினைத்துத் தங்கை வெட்டித் தொலைத்தாள். கொதித்துப்போன அக்கா ஒரு வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு எப்படியோ சமாதானம் ஆகிவிட்டது. ஆனால் அந்த வருஷத்தைப் பற்றி இருவரும் மூச்சுவிட்டதில்லை. அதைத்தான் இப்போது துணியில் செய்திருந்தாள்: இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் பழுப்பு, நடுவில் நீளமாக ஒரு பிளவு. மேலேயும் கீழேயும் ஒரு சாண் மட்டும்தான் சேர்ந்திருந்தது. கண்காட்சியில் அதைப் பார்த்தாவது அக்காவுக்குப் புரிய வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வாயால் சொல்லத் துணிச்சல் இல்லை.

தொங்கவிடும் கம்பியை நுழைக்கப் பின்பக்கம் ஒரு பட்டி வேண்டும். கனத்த துணிக்கு அக்காவின் மெஷின்தான் சரி என்று கொடுத்துவிட்டு வந்தாள். கண்காட்சி அன்று காலையில் கீழே போய் விரித்துப் பார்த்தாள். பட்டி கச்சிதமாக இருந்தது. பிளவைக் காணோம். பொடித் தையலில், தேடினாலும் தெரியாதபடி மூடிக்கிடந்தது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க!"

"வாயப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு, தைச்சுட்டேன். நன்றியெல்லாம் வேணாம்."

"அது கிழிசல் இல்லக்கா! நீ என்கூட பேசாம இருந்த வருஷம்!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அக்கா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு துணியைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள்.

"இவ்ளோ நீளமாவா இருந்துச்சு?"

"ஆமா."

அக்கா பிளேடை எடுத்து மேலிருந்து ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். பாதி வந்ததும் நிறுத்தினாள்.

"வருஷம் மேலேருந்து ஆரம்பிக்குதா, கீழேருந்தா?"

"மேலேருந்து. எதுக்கு?"

"அப்ப இந்த எடத்துல உனக்குக் காய்ச்சல். பேசலதான், ஆனா கதவுகிட்ட தினம் சூப் வச்சேன்ல? இத நான் பிரிக்க மாட்டேன்."

தங்கை திகைத்துப்போனாள். "அது நீயா? எதிர்வீட்டுக்காரர்னு நெனச்சு அவருக்கு நன்றி சொன்னேனே!"

"அந்த மனுஷன் என்ன சொன்னாரு?"

"பரவாயில்லம்மான்னாரு."

"அடப்பாவி!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன. அந்த வருஷம் முழுக்கத் தனியாகக் கிடந்தோம் என்று நினைத்துத்தானே இவ்வளவு துணியை வெட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அக்கா ஒரு விரல் அகலத்துக்குத் தையலை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே பிளேடை வைத்தாள். தங்கை அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடுக்கா. காய்ச்சல் அவ்ளோ சீக்கிரம் போகல."