இதயக் குத்து

பிற்பகல் மூன்றேகாலுக்கு எர்னா மறுபடியும் கைக்கண்ணாடியை அப்பாவின் மூக்கருகே பிடித்தாள். ஆவி படியவில்லை. துடைத்துவிட்டு இன்னொரு முறை பிடித்தாள்.

"போதும்க்கா," என்றான் தம்பி போல்டி. "மதியமே போயிட்டாரு."

"அன்றைக்கும் இப்படித்தான் கிடந்தார்."

அன்று அவளுக்கு ஏழு வயது. வியன்னாவின் ஒட்டாக்ரிங் பகுதியில், மதுக்கடை ஒன்றின் நிலவறையில், இரவல் வாங்கிய சவப்பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். கவிதை வாசிப்பு என்று சொல்லித்தான் கூட்டத்தை அழைத்திருந்தார்கள். பிரான்சின் பிரெட்டன் கடற்கரை மீனவப் பெண்களின் ஒப்பாரி ஒன்றை அப்பா மொழிபெயர்த்திருந்தார். புத்தக ஜெர்மனில் அல்ல. ஊரின் டிராம் ஓட்டுநர்களும் கசாப்புக்கடைக்காரர்களும் பேசுகிற பேச்சில், காதில் விழுகிறபடியே. பெட்டியருகே நின்று அம்மா அதை வாசித்தாள். எழச் சொல்லும் கடைசி வரியில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டியது. எர்னா நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள்.

சாக்கடை மொழி என்று செய்தித்தாளில் எழுதினார்கள். அப்பா அதை வெட்டிக் கழிப்பறைக் கதவில் ஒட்டினார்.

பிறகு வீட்டிலும் செத்துக் காட்டுவார். சோபாவில், குளியல் தொட்டியில். அவள் அழுகிறவரை அசையமாட்டார். எர்னா வளர்ந்து பள்ளி ஆசிரியை ஆனாள். அப்பாவின் அந்தத் தெருப் பேச்சு அவள் வாயில் வந்ததே இல்லை.

இன்று, உயிர் வெளியேற அம்மா ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். கீழே முற்றத்திலிருந்து கட்டடக் காவல்காரி ஸ்வோபோடா அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

"ஹவ்ராநெக்கம்மா! இந்தத் தடவ நெசமா, இல்ல இதுவும் கவிதையா?"

"நெசந்தான்!"

"கேட்டுக்கிட்டது நல்லதாப் போச்சு! போன தடவ கறுப்புச் சட்டைய வீணா இஸ்திரி போட்டேன்!"

டாக்டர் வந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார், தாடையை அசைத்துப் பார்த்தார், சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பையை மூடப் போனவரை அம்மா தடுத்தாள்.

"இதயத்துல குத்தணும் டாக்டர். உயிரோட பொதைச்சிருவாங்களோன்னு அவருக்குப் பயம். வாழ்க்கை பூரா அந்தப் பயந்தான்."

"எங்க தாத்தா காலத்துல கேப்பாங்க. இப்பவும் செய்யலாம்மா, தப்பில்ல. கல்லறைத் தோட்டத்துல வச்சு செய்வோம்."

"இங்கயே. அதுக்கு முன்னாடி எர்னா அந்த ஒப்பாரிய வாசிக்கணும். முடிச்சும் எந்திரிக்கலன்னா குத்திரலாம்னு சொல்லியிருக்காரு."

"நீங்களே வாசியுங்கள் அம்மா," என்றாள் எர்னா.

"நான் வாசிச்சா பழக்கத்துல எந்திரிச்சிருவாராம்."

போல்டி சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

டாக்டர் துவாலை விரித்து, மெல்லிய நீண்ட கத்தியை அதன்மேல் வைத்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். எர்னா மார்பில் கைவைத்தாள். சூடு இருந்தது.

"மெத்தைச் சூடும்மா," என்றார் டாக்டர்.

அவள் தலையாட்டினாள். கையை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எழ முடியாத ஏதோ ஓர் ஆழத்தில் அவர் கிடந்தால்? அம்மா புத்தகத்தை நீட்டினாள். எர்னா கையை எடுத்து அதை வாங்கிக்கொண்டாள்.

"கதவை இன்னும் சாத்தவில்லை..."

"என்னடி இது, வகுப்புல பாடமா எடுக்குற? அப்பிடிச் சொன்னா அவருக்குக் காதுல ஏறாது."

எர்னா அப்பாவின் பக்கம் திரும்பினாள். மறுபடியும் தொடங்கினாள்.

"கதவு இன்னும் சாத்தல ராசா.
வலை காயுது, யாரும் மடிக்கல.
ஒன் செருப்பு கெடந்த எடத்துலயே கெடக்கு.
காது கேட்டா வெரல அசை."

நிறுத்தினாள். போர்வைமேல் கிடந்த விரல்களைப் பார்த்தாள். ஜன்னல் திரை அசைந்தது. நிழல் விரல்களின் மேல் போய்வந்தது. திரையைப் பிடித்துக்கொள்ளும்படி போல்டிக்குச் சைகை காட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். அவள் மறுபடி பார்த்தாள்.

"அவ்வளவுதானாம்மா?" என்றார் டாக்டர்.

"இன்னும் ஒரு வரி இருக்கு."

டாக்டர் கத்தியைக் கையில் எடுத்தார். இடது கையின் இரண்டு விரல்களால் விலா எலும்புகளுக்கு நடுவே இடம் பார்த்தார். அங்கேயே விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எர்னா புத்தகத்தை மூடினாள். அந்த வரிக்கு அவளுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"எந்திரிப்பா. சூப்பு ஆறுது."