எம்லின் என்ற பெயரை மாற்ற மாட்டேன்

1.

இந்தக் கதை இட்லி வரிசையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தொண்ணூற்றாறாம் வருஷம், மே மாதம். நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் அபார்ட்மெண்ட் கட்டிடத்தில், கண்மணி, சேனாபதி தம்பதியின் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள். பெயர் முன்பே கசிந்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் முன்பே பெயர் கேட்பார்கள். நட்சத்திரம் பார்க்கும்வரை பொறுங்கள் என்று நம்மவர்கள் சொல்ல, அவர்கள் விழிப்பார்கள். கண்மணி யாரையும் விழிக்க வைக்கவில்லை. கேட்டவுடன் சொல்லிவிட்டாள்.

பேப்பர் தட்டோடு எனக்கு முன்னால் நின்றவர், "எம்லினா? இருமல் சிரப் பேர் மாதிரி இருக்கே" என்றார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு ஸ்பூன்" என்றார் அவருக்கு முன்னால் நின்றவர்.

வரிசையே சிரித்தது. அப்போதே முடிவு செய்தேன், இதை எழுதுவதென்று.

2.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "பனி கொட்டிய அந்தக் காலையில் உயிருக்குப் போராடிய கண்மணியை, முன்பின் தெரியாத ஒரு கிழவர்"

அடித்துவிட்டேன். யாரும் உயிருக்குப் போராடவில்லை.

இரண்டாவது: "வேல்ஸ் நாட்டின் பச்சை மலைச் சரிவுகளில்"

அதுவும் போயிற்று. நான் வேல்ஸைப் பார்த்ததில்லை. எம்லின் அந்த நாட்டில் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பழைய பெயர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். கண்மணிக்கு நூவர்க்கில் வேலை. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறுவாள். ட்ரெண்டனிலிருந்து வரும்போதே ரயில் நிரம்பியிருக்கும். வயிறு தெரியத் தொடங்கிய மாதத்திலிருந்து, ட்ரெண்டனில் ஏறும் ஒரு பெரியவர், பக்கத்து சீட்டில் தன் செய்தித்தாளை வைத்திருந்து, அவள் வந்ததும் எடுத்துக்கொள்வார். குட் மார்னிங் சொல்வார். பிறகு பேப்பர் படிப்பார். குளிர்காலம் முழுக்க இப்படி. லீவு எடுப்பதற்கு முந்தைய நாள்தான் கண்மணி அவர் பெயரைக் கேட்டாள். எம்லின். இந்த நாட்டில் அதே பெயரோடு இன்னொரு ஆளை அவரே பார்த்ததில்லையாம்.

(வாசகரே, உங்கள் முகம் தெரிகிறது. "இதற்கா?" என்கிறீர்கள். ஆமாம், இதற்குத்தான்.)

3.

தமிழ்ச் சங்கப் பொங்கல் மலருக்கு அனுப்பினேன். மலராசிரியர் வாஞ்சிநாதன் சார் போன் செய்தார்.

"மேடம், கதை நல்லா வந்திருக்கு. அந்தப் பேரை மட்டும் மாத்திடுங்க. பொங்கல் மலர்ல போய் எம்லின், கிம்லின்னு..."

"அந்தப் பேர்தான் சார் கதை."

"அப்ப அந்த ஆள் ஏதாவது பெருசா பண்ணட்டும். ட்ரெயின்லயே பெயின் வந்து, அவரே டெலிவரி பாத்தார்னு வைங்களேன். ரீடர்ஸ் அக்செப்ட் பண்ணிப்பாங்க."

"அவர் பேங்க்ல கணக்கு பாக்கறவர் சார். மயக்கம் போட்டு விழுந்திருப்பார்."

"ரத்தமாவது குடுக்கட்டுமே?"

கொடுக்க மாட்டார். நான் கொடுக்க விடமாட்டேன். சீட்டில் பேப்பர் வைத்தார், அவ்வளவுதான். பெரிய உதவி செய்தவர்களுக்குச் சிலை வைக்க ஊரே இருக்கிறது. சின்ன உதவி செய்தவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

4.

ஆனாலும் எனக்கே ஒரு நாள் சந்தேகம் வந்தது. எழுதுகிறவளுக்குத் தன் பாத்திரத்தின்மேல் வரக்கூடாத சந்தேகம்: அந்த மனிதர் பேப்பர் வைக்க இடம் வேண்டுமென்று மட்டும் வைத்திருந்தால்? கீழ்வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

கண்மணி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒரு நாள் நான் லேட்டுங்க்கா. ஓடிப்போய்க் கடைசிப் பெட்டில ஏறி, உள்ளயே நடந்து போனேன். அவருகிட்ட ஒரு அம்மா சீட் காலியான்னு கேட்டுட்டு நிக்கறாங்க. 'ஆள் வராங்க'ங்கறாரு. நான் வருவனான்னு அவருக்கென்ன தெரியும்? எனக்கே தெரியல."

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். முருகனிடம் அன்று எதுவும் கேட்கவில்லை.

5. (இது கதை இல்லை, என் கருத்து. பிடிக்காதவர்கள் ஆறாம் பகுதிக்குப் போகலாம்.)

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தப் பெயர் முதலில் பிடிக்கவில்லை. வாயில் ஒட்டவில்லை. பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன். நாலைந்து நாளில் பழகிவிட்டது. எந்தப் பெயரும் அப்படித்தானே.

பண்பாடு போய்விட்டது என்று வரிசையில் சிலர் வருந்தினார்கள். சேனாபதி ஆபீசில் "சேன்" ஆனபோது இவர்கள் யாரும் வருந்தவில்லை. வருந்தியவர்களில் ஒருவரே தன் சட்டைப்பையில் "சாம்" என்று அட்டை குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர். மேலதிகாரியின் நாக்குக்காகப் பெயரை வெட்டிக்கொள்ளலாம். நன்றிக்காக ஒரு பெயரைக் கடன் வாங்கக் கூடாதா? எனக்கு இது புரியவில்லை. புரிந்துகொள்ளவும் போவதில்லை.

6.

ஒரே ஒருவர் முன்னால்தான் என் வீராப்பு செல்லாது. சேனாபதியின் அப்பா பசுபதி. முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதைக் காதால் கேட்கத்தான் தாராபுரத்திலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார்.

"எம்லின் பசுபதின்னு வெச்சுக்கலாம்ப்பா" என்று சேனாபதி சொல்லிப் பார்த்தான்.

"என்ற பேரு வாலாட்டம் பின்னால தொங்க வேண்டாம்" என்றார் அவர்.

பெயர் வைக்கிற அன்று காலை இட்லி முடிந்து, எல்லோரும் பாயில் உட்கார்ந்த பிறகும் பேச்சு ஓயவில்லை.

"ஏம்மா கண்மணி, சீட்டுப் புடிச்சுக் குடுத்ததுக்கா பேரு? நம்மூரு பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கறவனுக்கெல்லாம் பேரு வெச்சா நாடு தாங்குமா?" என்றார் பசுபதி.

"துண்டு போடறவங்க சொந்தக்காரங்களுக்குப் போடுவாங்க மாமா" என்றாள் கண்மணி. குரல் உயரவில்லை. "அவருக்கு நான் யாருங்க?"

அவள் மேலும் சொன்னாள்: "உங்களுக்குப் புடிக்கலைன்னா இன்னொரு பேர் வெச்சு நீங்க கூப்பிடலாம். ஆனா வீட்டுக்குள்ள ஒருத்தன், வெளிய ஒருத்தன்னு எம்பையன் ரெண்டு ஆளா வளர வேண்டாமுங்க. நீங்க ஒருதரம் அந்தப் பேரச் சொன்னாப் போதும் மாமா."

பசுபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார்.

(இந்த மனிதரை வில்லனாக எழுதுவது சுலபம். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். கிழித்துவிட்டேன். ஆசையோடு கடல் தாண்டி வந்தவர் அவர்.)

7.

காதில் பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. சேனாபதிக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. ஆகவே மேல்வீட்டுக்காரியான என்னை அத்தை முறைக்கு நிறுத்தினார்கள். குனிந்தேன். மூன்று முறை எம்லின் என்றேன், வரிசையில் சிரித்தவர்களுக்கும் கேட்கும்படி.

அதன் பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையைக் கையில் வாங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கண்மணி முதலில் மாமனாரிடம்தான் நீட்டினாள்.

முடிவு அ: பசுபதி கண்கலங்கி, "எம்லின்" என்கிறார். கைதட்டல். (வாஞ்சிநாதன் சாருக்கு இதுதான் பிடித்தது.)

முடிவு ஆ: "பசுபதி" என்று தன் பெயரையே சொல்லி அழைக்கிறார். கண்மணி உள்ளே...

இல்லை, இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

முடிவு இ: வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போகிறார். இது பொய். அவர் வாங்கிக்கொண்டார். தலையைத் தாங்கி, பழகிய கைகளால், பத்திரமாக. பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் அவர் சொன்னதை வைத்து அந்தப் பெயர் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். மலரில் வராவிட்டால் வராமல் போகட்டும்.

அவருக்கு அடுத்து நிற்பது நீங்கள். கையைக் கழுவிவிட்டு வாருங்கள். கழுத்து இன்னும் நிற்கவில்லை, பார்த்துப் பிடியுங்கள். விழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கூப்பிடுங்கள்.