லெமோனியா விடுதியில் உறக்கம்

இல்கா அந்தத் தீவுக்கு ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை, தூங்க வந்தாள். கப்பலை விட்டு இறங்கி, ஆளையே மறைக்கும் முதுகுப்பையோடு படியேறி வந்து, லெமோனியாவின் விடுதி வாசலில் நின்றதும் கேட்டது ஒரே கேள்விதான்.

"இங்க சத்தம் இல்லாம இருக்குமா?"

"மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல இங்க நாய்கூட குரைக்காது பொண்ணே. குரைச்சா என்கிட்ட சொல்லு, அதைக் கட்டிவெச்சு உதைக்கிறேன்" என்றாள் லெமோனியா.

அப்பா இறந்ததிலிருந்து இல்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு வருஷமாக மாத்திரை, மருத்துவர், மூச்சுப் பயிற்சி என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அவள் அம்மா பிரோஷ்காதான், எங்காவது கடலோரமாகத் தனியாகப் போய் இருந்துவிட்டு வா என்று புதாபெஸ்டிலிருந்து அனுப்பிவைத்தாள்.

சரியான இடத்துக்குத்தான் அனுப்பினாள். இந்தத் தீவில் மத்தியான உறக்கம் என்பது மாதா கோவிலுக்கு அடுத்தபடி. அந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறவன் வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் வளர்ப்பு சரியில்லாதவனாக இருப்பான். போன வருஷம் மீன்காரன் ஒருவன் அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் கூவப்போய், லெமோனியா மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் கொட்டினாள். ஊரே அவள் பக்கம் நின்றது.

இல்கா முதல் நாள் சும்மா படுத்திருந்தாள். அடுத்த நாள் கொஞ்சம் கண் அயர்ந்தாள். அதற்கடுத்த நாள் மத்தியானம் படுத்தவள், விளக்கு வைக்கும் நேரத்தில் முகமெல்லாம் தலையணை மடிப்போடு எழுந்து வந்து லெமோனியாவைக் கட்டிக்கொண்டாள். லெமோனியாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரொட்டிக் கடையில், கோவிலில், துறைமுகத்தில் எல்லோரிடமும் சொன்னாள். "எத்தனையோ டாக்டர் முடியாததை என் வீட்டுக் கட்டில் செஞ்சிருச்சு."

மறுநாள் காலை கடலில் குளிக்கப் போன இடத்தில் இல்காவுக்குப் பாறை வழுக்கிவிட்டது. காதுக்கு மேலே நல்ல அடி. தானே நடந்து வந்தாள். ரத்தம் இல்லை, புடைத்திருந்தது. லெமோனியா ஐஸ் வைத்துக் கட்டினாள். இல்கா சிரித்தாள். மத்தியானம் மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"தலை கனமா இருக்கு. கொஞ்சம் படுக்கிறேன்."

"படு கண்ணு. எல்லாத்துக்கும் அதுதான் மருந்து" என்று ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள் லெமோனியா.

லெமோனியாவும் புருஷன் நிகித்தாஸும் வெளியே திராட்சைப் பந்தலடியில் சாய்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து குறட்டை கிளம்பியது. ஆழமாக, கரகரவென்று, விட்டு விட்டு வந்தது.

"என்னடி இது, நம்ம பழைய டீசல் படகு மாதிரி இழுக்குது?"

"இழுக்கட்டும்யா. ஒரு வருஷத் தூக்கம் பாக்கியில்ல?"

நிகித்தாஸ் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். "தலையில அடிபட்ட பொண்ணு. ஒரு தடவை எழுப்பிப் பாத்துட்டு வந்திடறேனே."

"எழுப்பிப் பாரு, கையை ஒடிச்சு அடுப்புல வெச்சிடறேன். பாவம், இப்பத்தான் கண்ணை மூடியிருக்கு."

அவன் எழுந்தே விட்டான். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அப்போது விடுதியின் போன் அடித்தது. இந்த நேரத்தில் எந்தப் பண்பில்லாத ஜென்மம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தாள். பிரோஷ்கா. மகள் போனை எடுக்கவில்லை என்று பதறிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் லெமோனியா மெல்லச் சொன்னாள்.

"தூங்குறாம்மா. நீங்களே கேளுங்க."

போனை இல்காவின் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தாள். திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

"அவ அப்பா இப்படித்தான் குறட்டை விடுவார்… எழுப்பாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன், அவளை எழுப்பாதீங்க."

லெமோனியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விழுந்ததைச் சொல்லி அந்தப் பொம்பளையை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று அதை விட்டுவிட்டாள். பந்தலடிக்கு வந்து, "கேட்டியா, பெத்தவளே எழுப்பாதேங்கிறா" என்று புருஷனை மட்டம் தட்டினாள். அவன் மறுபடி சாய்ந்துகொண்டான்.

தெருவில் மறுபடி வண்டிச் சத்தம் எழுந்தபோது குறட்டை நின்றிருந்தது. லெமோனியா கதவைத் திறந்து தோளைத் தொட்டாள். உலுக்கினாள். அலறினாள். ஹெலிகாப்டர் பெரிய தீவை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஹெலிகாப்டரை வரவழைத்த உள்ளூர் மருத்துவமனை இளம் டாக்டர் பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"அது தூக்கம் இல்லம்மா. மண்டைக்குள்ள ரத்தம் கட்டி மூளையை அழுத்தியிருக்கு, அதான் அந்தக் குறட்டை. அது ஆரம்பிச்சப்பவே என்னைக் கூப்பிட்டிருந்தா…" பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பாதியிலே நிறுத்தினால் மட்டும் என்ன. லெமோனியாவுக்கு மீதி கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சமைக்கும்போது கேட்டது, கோவிலில் மெழுகுவத்தி ஏற்றும்போது கேட்டது. செத்துப்போகலாம் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

முதுகுப்பையை எடுத்துப் போக பிரோஷ்கா வந்தாள். பாறையில் விழுந்தாள் என்பது மட்டும்தான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று லெமோனியா தீர்மானமாக இருந்தாள். திட்டட்டும், அடிக்கட்டும். பிரோஷ்கா கட்டிலில் உட்கார்ந்து மகளின் துணிகளை மடித்தபடி கேட்டாள்.

"அன்னிக்கு போன்ல கேட்டேனே, அது தூக்கம்தானே?"

அந்த முகத்தைப் பார்த்ததும் லெமோனியாவுக்கு நாக்கு புரண்டுவிட்டது. "தூக்கம்தாம்மா. நல்ல தூக்கம்."

"அப்புறம் எழுந்தாளா?"

"எழுந்தா. சாயங்காலம் கடலுக்குப் போனா, அங்கதான்…"

பிரோஷ்காவின் தோள் தளர்ந்தது. கண்ணில் கொஞ்சம் உயிர் வந்தது. "எழுந்தப்ப எப்படி இருந்தா? சிரிச்சாளா?"

"சிரிச்சுக்கிட்டேதான் வந்தா. அம்மாகிட்ட சொல்லணும், அப்படித் தூங்கினேன்னு சொன்னா. இதோ இந்தப் பந்தலடியில என்கூட உக்காந்து காப்பி குடிச்சா."

பிரோஷ்காவின் கை நின்றது.

"காப்பியா?"

இந்த ஊரில் மத்தியானம் தூங்கி எழுந்தவர் காப்பி குடிக்காமல் இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது. இல்காவுக்குத் தினமும் தன் கையாலேயே மூலிகைத் தேநீர் போட்டுக் கொடுத்தது லெமோனியாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அவ அப்பா போனதிலேர்ந்து காப்பியைத் தொட்டதில்லையே. தூக்கம் கெட்டுடும்னு."

லெமோனியா மடித்து வைத்த துணி ஒன்றை எடுத்து மறுபடி மடித்தாள். பிரோஷ்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுப்பாதீங்கன்னு நான்தானே சொன்னேன்" என்றாள் பிரோஷ்கா.