மெரில் ஓடைக்கு முந்நூறு அடி

மெரில் ஓடை ஹெம்லாக் மரக் காட்டுக்குள் இறங்கி வந்துதான் ஊர்க் கிணறுகளை நிரப்புகிறது. அந்தக் காட்டில் நாற்பது வீடு கட்ட ஒரு நிறுவனம் இடம் பார்த்துவிட்டுப் போனதும், ஊர்த் திட்டக் குழுவின் தலைவி வெர்னா திபோ சும்மா இருக்கவில்லை. இலையுதிர் காலம் முழுக்க உட்கார்ந்து குழு ஒரு விதியை எழுதி முடித்தது. ஓடையிலிருந்து முந்நூறு அடிக்குள் மரம் வெட்டக் கூடாது, கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இருபத்தைந்து ஏக்கருக்கு ஒரு வீடுதான். மார்ச் மாத ஊர் வாக்கெடுப்பில் ஜெயித்தால் அது சட்டம்.

சிக்கல் சொந்த வீட்டிலிருந்தே வந்தது. வெர்னாவின் தம்பி ராய்ஸுக்கு அங்கே பதினெட்டு ஏக்கர் இருந்தது. அவன் குடியிருப்பதும் அதில்தான். மகள் டெல்ஃபினும் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டான். விதி வந்தால் இரண்டாவது வீட்டுக்கு வழியில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தான்.

"எங்கக்கா வீட்டுலயும் இப்படித்தான். அவ சொன்னா சொன்னதுதான், அப்பீலே கெடையாது." எல்லோரும் சிரித்தார்கள். "அந்தக் கம்பெனிக்காரன வெரட்டு, நானும் கூட வர்றேன். ஆனா அவனும் எம்பொண்ணும் ஒண்ணா, அக்கா? அவ எங்க போய்க் கட்டுவா, உன் மேசை மேலயா?"

வெர்னாவுக்கு முகம் சுட்டது. இருபத்தைந்து என்ற கணக்கைப் பக்கத்து ஊர் விதியிலிருந்து எடுத்துப் போட்டவளே அவள்தான். அங்கே குடியிருப்பவர்களில் ஒருவரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் நாற்காலியை விட்டு எழுந்தாள். "இதுல என் தம்பி இருக்கான். நான் பேசவும் மாட்டேன், ஓட்டும் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் இடத்தில் உட்கார்ந்தவர் கிணறு தோண்டும் ஆல்டன் க்ரோவர். நாற்பது வீடு வந்தால் நாற்பது கிணறு தோண்டும் வேலை அவருக்கு. "ரோட்டோரமா இன்னொரு வீடு நின்னா காடு அழிஞ்சிடாது. அந்த முந்நூறு அடியத் தொடாதீங்க, அவ்வளவுதான். தண்ணி எவ்வளவு கீழ போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் சாலையோரமாக இன்னும் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று விதி மாறியது.

"தம்பிக்காக வளைஞ்சுட்டா" என்று காபிக் கடையில் பேசிக்கொண்டார்கள். அது வெர்னாவின் காதுக்கும் வந்தது, உறுத்தியது. ஆனால் பழைய கணக்குக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை.

மார்ச்சில் முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூற்று எண்பத்தேழு என்று விதி ஜெயித்தது. நிறுவனத்திடமிருந்து அதற்குப் பிறகு பேச்சுமூச்சில்லை.

மே மாதம் ராய்ஸ் அளவு நாடாவோடு அக்காவைக் கூப்பிட்டான். இருவரும் கருங்கொசுவை விரட்டிக்கொண்டே ஓடையிலிருந்து முந்நூறு அடி அளந்து, அதற்கு அப்பால் டெல்ஃபின் வீட்டுக்கு முளை அடித்தார்கள். வீடு வர வேண்டிய இடத்தில், எல்லைக்கு வெளியே, பெரிய மேப்பிள் மரம் ஒன்று நின்றது. வெட்டத் தடையில்லை. வெர்னா அதன் பட்டையில் கை வைத்தாள்.

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

"சட்டத்துல ஒண்ணும் இல்லையே."

"சட்டத்த யாரு கேட்டா? உன்னத்தான் கேக்குறேன்."

"நல்ல நெழலுடா அது."

ராய்ஸ் கொஞ்ச நேரம் மரத்தையே அண்ணாந்து பார்த்தான். பிறகு வீட்டு முளையைப் பிடுங்கி, பன்னிரண்டு அடி சாலைப் பக்கமாகத் தள்ளி அடித்தான்.