சித்ரலேகா வேண்டுமென்று செய்த தப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உயர்கல்வியில் மாணவர் ஈடுபாட்டைத் தூண்டுவது எது என்று ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை கேட்டார்கள். பத்துக் காரணங்களை எழுத உட்கார்ந்தேன். எட்டாவதிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. [பட்டியலைக் கிழித்தாயிற்று.] ஆகவே கதை.

2

'தாமிரபரணிக் கரையோரம், தென்றல் தவழும்...' சே! வேண்டாம்.

திருநெல்வேலி டவுண் பக்கம் ஒரு கல்லூரி. புள்ளியியல் நடத்தும் சித்ரலேகா. தற்காலிக வேலை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளோ வாயைத் திறந்தால்தானே! ஒருநாள் அவள் தெரியாமல் ஒரு கணக்கைத் தப்பாகப் போட, கடைசி பெஞ்சு மாடக்கண்ணு துள்ளி எழுந்தான். "மேடம், அது தப்புல்லா!" வகுப்பே கலகலத்தது. அன்றிலிருந்து தினம் ஒரு தப்பு, வேண்டுமென்றே. அதைப் பிடிப்பதற்காகவே சேரன்மகாதேவிப் பிள்ளைகள் ஒரு பஸ் முன்னதாக வந்தார்கள். அவள் நடிக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

(இவ்வளவு கெட்டிக்காரியா இவள் என்று எனக்கே சந்தேகம். இருக்கட்டும்.)

3

வேலையைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்க ஆய்வுக்குழு வந்து ஓரமாக உட்கார்ந்தது. பிள்ளைகள் கேள்வி கேட்டால் வேலை நிலைக்கும். சித்ரலேகா ஐந்து பேரின் மதிப்பெண்களைக் கூட்டி, சராசரிக்கு நான்கால் வகுத்துவிட்டுத் திரும்பினாள். குழு கரும்பலகையைப் பார்க்கவே இல்லை; கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு நிமிர்ந்தான். குழுவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். மொத்த வகுப்பும் குனிந்துகொண்டது. "சந்தேகம் இருந்தா கேளுங்கப்பா" என்று கெஞ்சியும் பார்த்தாள். ம்ஹூம்.

"பிள்ளைக வாயே தொறக்க மாட்டுக்காங்களே" என்று எழுதிக்கொண்டே குழுத் தலைவர் வெளியேறினார்.

உடனே மாடக்கண்ணு எழுந்தான். "நாங்க எல்லாரும் பாத்துட்டோம் மேடம். அஞ்சு பேருக்கு நாலால வகுத்துட்டிய. வெளியாளுக முன்னால உங்கள எப்படி விட்டுக்கொடுக்க?"

அவளுக்குக் கண் நிறைந்தது. ஆத்திரமும் வந்தது. அடப் பாவிகளா!

4

முதல் முடிவு: குழுவின் பின்னால் ஓடுகிறாள். "வேணும்னேதான் தப்பாப் போட்டேன் சார், பிள்ளைக என்னைக் காப்பாத்த..." [இல்லை. மாடக்கண்ணு காதில் விழும். இத்தனை நாள் தான் பிடித்ததெல்லாம் நாடகம் என்று தெரிந்தால், நாளைக்கு எதற்கு வருவான்?]

இரண்டாவது: பேசாமல் இருந்துவிடுகிறாள். வேலை போகிறது. அடுத்த ஆண்டு இந்தப் பிள்ளைகள் முன்னால் யார் வந்து நின்று...

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழு இன்னும் படி இறங்கவில்லை. மாடக்கண்ணு நான்கை அழித்துவிட்டு ஐந்து என்று எழுதுகிறான், முகமெல்லாம் பெருமை. வாசலில் ஒரு காலை வைத்தபடி சித்ரலேகா என்னைப் பார்க்கிறாள்.

என்னைக் கேக்காத தாயி. வாசிக்கிறவுககிட்ட கேளு. சீக்கிரம் கேளு.