பால் மேடையில் இரண்டு மூக்கு

கேன் மூடி திறந்ததும் குனிந்து மோந்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வாசனை காற்றோடு போய்விடும். நல்ல பால் என்றால் அவள் தலையசைப்பாள், கேன் பெரிய தொட்டியில் கவிழும். புளிப்பு தட்டினால் விரலை மடக்குவாள், கேன் ஓரங்கட்டப்படும். அந்தப் பால் கம்பெனிக்கு முதல் வாசல் அவள் மூக்குதான். பட்டப்பெயரும் அதுவே. லாரி டிரைவர்கள்கூட, "மூக்கு வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

அந்த மூக்கு செத்து மாதக்கணக்காகிறது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் சாதாரண ஜலதோஷம் என்று நினைத்தாள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி மூக்கில் விட்டதும் கதவு திறந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் மறுபடி அடைத்தது. மறுபடி சொட்டு. இப்போது அந்தக் குப்பி இடுப்புப் பையை விட்டு இறங்குவதே இல்லை. மூச்சு வந்து போகிறது. வாசனை மட்டும் வரவில்லை.

அவள் காலம் தள்ளியது மூடி திறக்கிற அண்ணன் முகத்தை வைத்துத்தான். அவர் பால் இறக்கும் மேடையில் பழம் தின்று கொட்டை போட்டவர். கெட்ட பாலைத் திறந்தால் மேலுதடு ஒரு பக்கம் ஏறும். குனியும்போதே அவள் ஓரக்கண்ணால் அந்த உதட்டைப் பார்ப்பாள். உதடு ஏறினால் விரல் மடங்கும். ஆனாலும் சில கேன்களில் குனிந்தபடியே தயங்குவாள். கெட்டுப்போன ஒரு கேன் உள்ளே போனாலும் தொட்டி முழுவதும் சாக்கடைக்குத்தான். கூடவே அவள் வேலையும் போய்விடும். இதுவரை குளிருக்குப் பால் அதிகம் கெடவில்லை, இப்போது வெயில் வேறு ஏற ஆரம்பித்திருந்தது.

கடைசியில் வீட்டில்தான் மாட்டிக்கொண்டாள். அடுப்பில் பால் வற்றிப் பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிய கணவன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான்.

"ஊர்ப் பாலுக்கெல்லாம் மூக்கு இருக்கு, வீட்டுப் பாலுக்கு இல்லையா?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். "எவ்வளவு நாளா?" என்று கேட்டான்.

மறுநாள் சாயங்காலம் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா மெல்லிய குழாய் ஒன்றை மூக்கில் நுழைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். உரித்த திராட்சை போல வெளிறிய உருண்டைகள்.

"கேன்சரா டாக்டர்?"

"அப்படித் தெரியலைம்மா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. சளிச்சவ்வு நாள்பட வீங்கித் தொங்குது. வாசனை நரம்பு மேல இருக்கு, அங்க காத்து போக வழியில்லை. எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம். என்ன மருந்து போட்டீங்க?"

அவள் குப்பியை மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"இதை நாலஞ்சு நாளுக்கு மேல போடக் கூடாது. வீக்கத்தை அமுக்கும், மருந்து வேகம் தீர்ந்ததும் முன்னைவிட வீங்கும். அடைப்புக்காக மருந்து, மருந்தால அடைப்பு. செக்குமாடு மாதிரி சுத்தியிருக்கீங்க."

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புக் கரைசல் கலந்து மூக்கைக் கழுவ வேண்டும். பிறகு ஸ்டீராய்டு ஸ்பிரே. தலையைக் குனிந்து, வலது கையால் இடது துவாரத்தில், நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். சர்ரென்று உறிஞ்சக் கூடாது.

"வாசனை திரும்புமா?"

"நிறைய பேருக்குத் திரும்புது. வாரக்கணக்குல ஆகும். கேக்கலைன்னா ஆபரேஷன். வாக்குக் குடுக்க மாட்டேன்." டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"பால் கம்பெனியில... மேடையில நிப்பேன்."

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் காலை மூச்சு முட்ட, வாயைத் திறந்துகொண்டே மேடை ஏறினாள். குப்பி இல்லாத இடுப்புப் பையைக் கை தானாகத் தடவியது. கேன்கள் கவிழ்ந்துகொண்டிருந்தன. அடுத்த கேனுக்கு அண்ணன் மூடியைத் திறந்தார். அவள் குனிந்தாள். அப்படியே நிமிர்ந்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வாசனை தெரியலை. ரொம்ப நாளா உங்க உதட்டைப் பாத்துத்தான் பாலை ஒதுக்குறேன்."

அவர் மூடியைப் பிடித்தபடியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"அடிப்பாவி," என்றார் மெதுவாக. "போன மழைக்குக் காய்ச்சல்ல படுத்தேன்ல, அதுல இருந்து எனக்கு ஒரு நாத்தமும் தெரியறதில்லை. குனிஞ்சதும் சில சமயம் நீ தயங்குவ. ஓ, கெட்ட பால்னு நான் முகத்தைச் சுளிப்பேன்."

"நான் தயங்கினது பயத்துலண்ணே."

இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தார்கள். அது பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

"பேசாம இரு. தொட்டி நிறைஞ்சதும் லேப்ல பாத்துக்குவாங்க," என்றார் அவர்.

"நிறைஞ்சப்புறம் பாத்து என்னண்ணே பண்றது?"

அவள் இறங்கிப் போய் சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "என்னையும் சேத்துக்கங்க சார்," என்றார்.

சூப்பர்வைசர் தொட்டியிலிருந்து பால் வெளியேறும் குழாயை மூடி வைக்கச் சொன்னார். லேப் பெண் தொட்டிப் பாலைச் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் வைத்தாள். திரிந்தால் கண்ணாடியில் குருணை ஒட்டும். இவள் அந்தக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லேப் பெண் குழாயைச் சாய்த்தாள். பால் வழுவழுவென்று இறங்கியது.

"இது தப்பிச்சது," என்றாள் லேப் பெண்.

சூப்பர்வைசர் திறந்து கிடந்த கேனுக்கு நேராகக் குனிந்தார். உடனே தலை பின்னால் வெட்டியது.

"இதை யாரு சரின்னு சொன்னது?"

"இன்னும் யாரும் சொல்லலை சார்," என்றாள் அவள்.

அன்றே மேடைக்கு வேறு ஆள் வந்தார். அவளைக் கேன் கழுவும் இடத்துக்கும் அண்ணனை மூடி அடுக்கவும் மாற்றினார்கள். மூக்கு சரியானால் திரும்பலாம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

தினமும் காலையில் மூக்கைக் கழுவி, குனிந்து, ஸ்பிரே அடித்துவிட்டு வருகிறாள். மூச்சு இப்போது தானாக வருகிறது. கழுவுமுன் ஒவ்வொரு கேனுக்குள்ளும் தலையை விட்டுப் பார்க்கிறாள். நேற்று ஒரு கேனில் என்னவோ லேசாகத் தட்டியது போல இருந்தது. மறுபடி மோந்தபோது இல்லை.

மூடி அடுக்க வந்த அண்ணன் கேட்டார். "மூக்கு வந்தாச்சா?"

"தெரியலைண்ணே," என்று சொல்லிவிட்டு அடுத்த கேனுக்குள் குனிந்தாள்.