ஒரு கால் பூட்ஸ்

செக் நாட்டின் ப்ர்னோ நகரத்துச் சொற்பிறப்பு அகராதி ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து நான் சாதித்தது என்னவென்றால், இருநூற்றுப் பதினான்கு சொற்களுக்கு எதிரே "தோற்றம் தெளிவில்லை" என்று எழுதியதுதான். காலையில் வந்து ஷூவைக் கழற்றிச் செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மாலைக்குள் இன்னொரு சொல்லுக்கும் தெளிவில்லாமல் போயிருக்கும்.

எதிர் மேஜை டிராஹோமீரா அப்படி இல்லை. "ஓஹென்" என்றால் எங்களுக்கு நெருப்பு. லித்துவேனியருக்கு "உக்னிஸ்", இந்தியாவில் "அக்னி". இந்த மாதிரி தூரத்து உறவுக்காரர்களைத் தேடிப் பிடித்து ஒரே பந்தியில் உட்கார வைப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. எழுதுவதை அச்சுப்படி வரும்வரை யாருக்கும் காட்ட மாட்டார். இந்த வெள்ளிக்கிழமையோடு அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அன்றே "க" தொகுதியும் அச்சுக்குப் போகிறது.

அதற்கு முந்தைய திங்கட்கிழமை, பிழை பார்க்க அச்சுப்படி என் மேஜைக்கு வந்தது. 412ஆம் பக்கத்தில் என் கதை முடிந்தது.

"க்லொமா: வேலை முடிந்து வந்து, ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் களைப்பு. பெஸ்கிட் மலை, 1984." அதன் கீழே மூன்று பக்கம். சமஸ்கிருதத்தில் களைப்புக்கு "க்லம" என்று ஒரு சொல் உண்டாம். ஸ்லாவிய மொழிகளில் அதற்குக் கூடப்பிறந்தது கிடைத்துவிட்டதாம். டிராஹோமீராவின் இருபது வருட உழைப்பு.

அந்தச் சொல்லை உண்டாக்கியவன் நான்.

அப்போது நான் மாணவன். மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சொல் சேகரிக்க அனுப்பியிருந்தார்கள். சொல்லுக்கு ஒரு சீட்டு, ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு கணக்கு. அன்று மழையில் பதினான்கு கிலோமீட்டர் நடந்து முப்பத்தொன்பதுதான் தேறியது. தங்கியிருந்த வீட்டில் ஒரு பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்தபடி, நாற்பதாவதை நானே பெற்றெடுத்தேன். "சொன்னவர்: வீட்டுக்கார அம்மாள், வயது 58" என்று அவரையும் அதில் இழுத்துவிட்டேன்.

பழைய காலத்து ஸ்லாவியர் கரடியின் உண்மைப் பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்று பயந்து, தேன்தின்னி என்று மட்டும் சொல்லி வந்தார்கள். நானும் மூன்று நாள் 412 என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழன் காலை கரடியே எழுந்து என் மேஜைக்கு வந்தது.

"என்ன விலெம், நானூத்திப் பன்னண்டுலேயே குடியிருக்கீங்க? பிழை ஏதும் இருக்கா?" என்றார் டிராஹோமீரா.

"ஒண்ணு இருக்கு. உங்க பிழை இல்ல." அச்சுப்படியை அவர் பக்கம் திருப்பினேன். "அந்தச் சீட்டு நான் எழுதினது."

"கையெழுத்து தெரியுது. கோழி கிளறின மாதிரி."

"சொல்லும் நான் எழுதினதுதான். யாரும் சொல்லல. அந்த வாரம் சமஸ்கிருதப் பரீட்சை முடிச்சிட்டுப் போயிருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு உறைச்சிருக்கணும்" என்றார் கடைசியில். "ஒலி மாற்ற விதி ஒண்ணு கூட மீறல. நிஜமான சொல் எங்கேயாவது நொண்டும். இது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரிசையில நின்னுச்சு."

"எடுத்துடலாமா?"

"விதி தெரியாதா உங்களுக்கு? எந்த ஊர்ல எழுதின சீட்டோ அந்த ஊர்ல போய் விசாரிச்சுத்தான் எடுக்கணும். மேல்கோட்டை மாட்டுங்க, கிளம்பலாம்."

மூன்று மணிநேரம் பஸ். அவர் ஜன்னலைப் பார்த்தே வந்தார். திட்டியிருந்தாலாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான் அன்று தங்கிய வீடு அப்படியே இருந்தது. அந்த அம்மாள் இறந்து வெகுநாளாகிவிட்டது. மகள் ரொசினா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த நோஞ்சான் மாணவனா நீங்க? இப்பவும் நோஞ்சானாத்தான் இருக்கீங்க, வயிறு மட்டும் வேற யாரோடதோ. உள்ள வாங்க."

உள்ளே பெஞ்சில் அவர் புருஷன் யுரா உட்கார்ந்திருந்தார். வைக்கோல் போர் போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஒரு காலில் பூட்ஸ். மற்றது கையில். நாங்கள் வணக்கம் சொன்னோம். அவர் அசையவில்லை.

"அவரைக் கண்டுக்காதீங்க" என்றார் ரொசினா. "க்லொமாவுல இருக்கார். கால் மணிநேரம் ஆகும்."

டிராஹோமீரா சட்டென்று நோட்டை எடுத்தார். "இந்தச் சொல்லை இங்க யாரெல்லாம் சொல்லுவாங்க?"

"மலை முழுக்கச் சொல்லும். பால் பண்ணையில கூட." ரொசினா என்னைக் கைகாட்டினார். "இவர் விட்டுட்டுப் போனதுதான். இதே பெஞ்சுல பூட்ஸோட உட்கார்ந்திருந்தார். அம்மா 'என்னப்பா ஆச்சு'ன்னு கேட்டாங்க. 'க்லொமா, அம்மா'ன்னார். விழுந்து விழுந்து சிரிச்சோம். அதுக்கு முன்னாடியும் எங்களுக்கு அது இருந்துச்சு, பேர்தான் இல்ல."

நான் வாய்விட்டுச் சொன்னது எனக்கே மறந்திருந்தது.

திரும்பும் பஸ் நிறுத்தத்தில் டிராஹோமீரா அச்சுப்படியை மடியில் விரித்து, தான் எழுதிய மூன்று பக்கத்திலும் மூலைக்கு மூலை கோடு போட்டார். பிறகு ஒரு புதுச் சீட்டு எடுத்து, இன்றைய தேதியும் ரொசினாவின் பெயரும் எழுதினார்.

"சொல் இருக்கட்டும். உயிரோட இருக்கு, எடுக்க நமக்கு அதிகாரம் இல்ல" என்றார். "இத்தனை வருஷத்துல தோற்றம் நூத்துக்கு நூறு நிச்சயம்னு எழுத எனக்கு ஒரு சொல் கிடைச்சதில்ல. இப்பக் கிடைச்சிருக்கு. தோற்றம்: விலெமோட சோம்பேறித்தனம்."

"உங்க இருபது வருஷம்..."

மலைப்பாதைச் சேறு அவர் பூட்ஸில் அப்பியிருந்தது. குனிந்து ஒன்றைக் கழற்றினார், உள்ளே இருந்த கல்லைக் கொட்டினார். பூட்ஸைத் திரும்பப் போடாமல் மடியில், அச்சுப்படிக்கு மேலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தூரத்தில் பஸ் வளைவு திரும்புவது தெரிந்தது.

"பஸ் வருது" என்றேன். "மன்னிச்சிருங்க. நான்..."

"பேசாதீங்க, விலெம்" என்றார். "க்லொமாவுல இருக்கேன்."

பஸ் வந்து நின்றது. டிரைவர் எங்களைப் பார்த்தார், அவர் மடியில் இருந்த பூட்ஸைப் பார்த்தார், எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.